உரிமைகளும் மாநிலச் சட்டமன்றமும்: வாசகர் கேள்விகள், பதில்கள்

அடிப்படை உரிமைகளுக்கு அரசியலமைப்பே உத்தரவாதம் தந்திருக்கும்போது, அவற்றைக் காக்க மாநிலச் சட்டமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்

வேண்டும். அரசு எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதை அரசியலமைப்பு சொல்கிறது. அதற்கு மேல் ஒருவர் அன்றாட வாழ்வில் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார் என்பதைச் சாதாரணச் சட்டங்கள்தான் முடிவு செய்கின்றன. காவல் துறையும் பொது ஒழுங்கும் சிறைகளும் மாநிலங்கள் சட்டம் இயற்றும் மாநிலப் பட்டியலில் உள்ளன. குற்றவியல் நடைமுறை, தடுப்புக் காவல் (விசாரணையின்றி முன்கூட்டியே அடைத்துவைப்பது), திருமணம் ஆகியவை மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளன. பொதுப் பட்டியலிலுள்ள ஒரு பொருளில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்துவிட்டால், 254(2)-ஆம் பிரிவின்படி அந்த மாநிலத்தில் அது செல்லும்.

இதற்கு நம்மிடமே நல்ல சான்று இருக்கிறது. புரோகிதரும் அக்னியும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரறியக் குடும்பம் நடத்திய பெண்கள் சட்டத்தின் பார்வையில் மனைவியாக இல்லாமல் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குள்ளானது. அண்ணா முதலமைச்சரானதும், 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் திருத்தம் நம் பேரவையில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு எவர் முன்னிலையிலும், இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன் அவ்வாறு நடந்த திருமணங்களையும் அந்தத் திருத்தம் செல்லுபடியாக்கியது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7-ஏ பிரிவின்படி நடக்கும் திருமணத்துக்குப் பகிரங்க விழாவோ அறிவிப்போ தேவையில்லை என்றும், குடும்பத்தின் எதிர்ப்பை மீறி மணப்பவர்களை அப்படிக் கட்டாயப்படுத்துவது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் தெளிவுபடுத்தியது. மத்தியச் சட்டம் தராத ஒரு சுதந்திரத்தை ஒரு மாநிலப் பேரவை தந்து, அது அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருக்கிறது.

சாதி, மதம் கடந்து மணப்பவர்களைக் காக்கத் தனிச்சட்டம் வந்தால் மட்டும் கொலைகள் நின்றுவிடுமா?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

தண்டனையை உயர்த்துவதால் மட்டும் நிற்காது. கொலைக்கான தண்டனை ஏற்கெனவே கடுமையானதுதான். ராஜஸ்தான் பேரவை 2019-ல் இதற்கென்று ஒரு சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில், சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக அறிவித்தது. வரப்போகும் சட்டம் கொலைக்கு முந்தைய நாட்களைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தஞ்சம் கேட்டு வரும் இணையரைப் பெற்றோருடன் 'சமாதானம் பேசி' அனுப்பிவைக்கும் காவல் அதிகாரிக்கு என்ன பொறுப்பு, எத்தனை மணி நேரத்துக்குள் பாதுகாப்புத் தர வேண்டும், தங்குமிடம் எங்கே என்பவை அதில் எழுதப்பட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 7-ஏ பிரிவு இரு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே பொருந்தும். வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்கள் சிறப்புத் திருமணச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். அதன்படி, அவர்கள் கொடுக்கும் அறிவிப்பின் நகல் பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டு, ஆட்சேபணைக்காக 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். பெயரும் முகவரியும் அந்தப் பலகையில் தொங்கும் அந்த ஒரு மாதத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் பல இணையரின் பெரும் அச்சம். திருமணம் பொதுப் பட்டியலில் இருப்பதால், இந்தக் கட்டாயத்தை நீக்கும் திருத்தத்தைத் தமிழ்நாடு நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். 1967-ல் நடந்த வழி இதுதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவனைக் குண்டர் சட்டத்தில் போட்டுவிட்டார்கள். ஜாமீனும் கிடையாது, வழக்கும் நடக்கவில்லை. இதைத் தட்டிக்கேட்க வழி உண்டா?
– சிறு வணிகர், மதுரை

உண்டு. முதலில் உடனடியாகச் செய்ய வேண்டியவை. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டமான குண்டர் சட்டத்தின்படி, காவலுக்கான காரணங்களை 5 நாட்களுக்குள் அவரிடம் கொடுத்தாக வேண்டும். ஆணையை 12 நாட்களுக்குள் மாநில அரசு அங்கீகரிக்க வேண்டும். 3 வாரங்களுக்குள் விவகாரம், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வைக்கப்பட வேண்டும். அவர் சார்பில் அரசுக்கு முறையீட்டு மனுவை உடனே அனுப்புங்கள். அனுப்பிய தேதிக்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். அந்த மனுவைப் பரிசீலிப்பதில் காரணமில்லாத தாமதம் ஏற்பட்டாலே, ஆட்கொணர்வு மனுவில் உயர்நீதிமன்றம் காவல் ஆணையை ரத்து செய்வது வழக்கம். அவருக்குத் தரப்பட்ட ஆவணக் கட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். மை மங்கிப் படிக்க முடியாத நகல்கள், தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பில்லாமல் கொடுக்கப்பட்ட ஆங்கிலத் தாள்கள் ஆகியவற்றால் எத்தனையோ ஆணைகள் விழுந்திருக்கின்றன. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆனால் வழக்கறிஞரல்லாத ஒரு நண்பரின் துணையைக் கோரலாம்.

விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதங்கள் வரை சிறையில் வைக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆணை ரத்தாவதற்குள் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அந்த மாதங்களுக்கு யாரும் கணக்குச் சொல்வதில்லை. சாதாரணக் குற்றவியல் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் கூடாது என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இதை மாற்ற டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. நெருக்கடி நிலையின் கொடுமைகளுக்குப் பின் 1978-ல் நிறைவேறிய 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் ஒருவரை வைத்திருக்கும் காலத்தை 3 மாதங்களிலிருந்து 2 மாதங்களாகக் குறைத்தது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே கழகம் அமைய வேண்டும் என்றும் கூறியது. அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை எந்த மத்திய அரசும் இன்றுவரை வெளியிடவில்லை. ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பேரவை இயற்றியது. அதே பாதுகாப்புகளை நம் பேரவையே இதில் எழுதிவிடலாம். 12 மாதங்களைக் குறைக்கலாம், வழக்கறிஞரை அனுமதிக்கலாம், ரத்தான ஆணைக்கு இழப்பீடு வழங்கலாம். மாநில உரிமைக்காக உரத்துக் குரல் கொடுக்கும் நம் கட்சிகள், கையில் இருக்கும் இந்த அதிகாரத்தை மக்கள் விடுதலைக்காகப் பயன்படுத்தாதது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

காவல் துறை மீதான புகாரைக் காவல் துறையிடமே கொடுக்க வேண்டியிருக்கிறதே?
– வாசகர், தூத்துக்குடி

புகார் ஆணையங்களுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமை தாங்க வேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013-ல் இயற்றிய சட்டமோ, மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராகவும் காவல் துறைத் தலைவரை உறுப்பினராகவும் வைத்தது. கேரளத்தின் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியை வைத்தது. ஒரே தீர்ப்பு, அருகருகே இரு மாநிலங்கள், இருவேறு சட்டங்கள். இங்கும் திருத்தம் நம் பேரவையின் கையில்தான் இருக்கிறது.

இன்று பேரவை தரும் உரிமையை நாளை வேறு ஆட்சி பறித்துவிடாதா?
– வழக்கறிஞர், கோவை

பறிக்கலாம், பறித்ததும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-ல், உத்தரப் பிரதேசம் தன் எல்லைக்குள் முன்ஜாமீன் பிரிவையே நீக்கியது. நாடெங்கும் இருந்த அந்த உரிமை அங்குள்ளவர்களுக்கு 2019-ல்தான், அதுவும் பல விலக்குகளுடன், திரும்பக் கிடைத்தது. மாறாக, 2020 நவம்பரில் கேரள அரசு, அவதூறான பதிவுகளுக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் 118-ஏ பிரிவை, தன் காவல் சட்டத்தில் சேர்க்க, அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தபோது எழுந்த கண்டனத்தால், சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற நேர்ந்தது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தையும், அதைக் கொண்டுவந்த ஆட்சியே தேர்தல் தோல்விக்குப் பின் 2004-ல் விலக்கிக்கொண்டது. ஆகவே வழக்கறிஞரான நீங்கள் நீதிமன்றத்தைக் கவனிக்கும் அளவுக்குப் பேரவையையும் கவனியுங்கள். கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் விவாதமின்றி நிறைவேறும் சட்டமுன்வடிவுகளின் உரையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தொகுதி உறுப்பினர் அதற்கு எப்படி வாக்களித்தார் என்பதை அவரிடமே எழுத்தில் கேளுங்கள்.