குப்பைக்கூடையை ஒரு வாரம் கவனியுங்கள்

உணவு வீணாவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வீட்டில் மூன்று பேர்தான். அளவாகத்தான் வாங்குகிறோம் என்று நினைக்கிறேன். ஆனாலும் வாரக் கடைசியில் வாடிய காய்கறி, ஃபிரிட்ஜில் மறந்துபோன டப்பா என்று ஏதாவது குப்பைக்குப் போகிறது. எங்கே தவறு செய்கிறோம்?

நினைப்பதை விட்டுவிட்டு ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, எறிவது என்ன, எவ்வளவு, ஏன் என்று குறித்து வாருங்கள். அந்த 'ஏன்'தான் முக்கியம். அதிகம் வாங்கிவிட்டோம், அதிகம் சமைத்துவிட்டோம், உள்ளே இருந்ததே தெரியவில்லை என்று காரணம் வீட்டுக்கு வீடு மாறும். முதலாவதற்குப் பட்டியல் போட்டு வாங்குவது தீர்வு. இரண்டாவதற்கு அரிசியைக் கை அளவில் போடாமல் கப்பில் அளந்து போட வேண்டும். மூன்றாவதற்கு ஃபிரிட்ஜின் முன்பக்கம், கண்ணுக்கு நேரான தட்டை 'முதலில் தீர்க்க வேண்டியவை' என்று ஒதுக்கிவிடுங்கள். புதிதாக வாங்கியது எப்போதும் பின்னால் போகட்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகம் முழுவதும் வீணான உணவு சுமார் 105 கோடி டன். தோல், எலும்பு போன்றவையும் இதில் சேர்த்தி. கடைகளிலும் உணவகங்களிலும் வீணாவதைச் சேர்த்தால்கூட வீடுகளில் வீணாவதற்கு ஈடாகாது. மொத்தத்தில் 60 சதவீதம் வீடுகளிலிருந்துதான் போகிறது.

காய்கறியும் பழமும் சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. எப்படி வைப்பது?

எதை எதனுடன் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். பக்கத்தில் கீரை இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும், கேரட் இருந்தால் கசக்கும். அதனால் தனித்தனியாக வையுங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட வேண்டாம். கீரையைக் கழுவி வைப்பதாக இருந்தால் ஈரம் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். ரொட்டி ஃபிரிட்ஜில் இன்னும் வேகமாக விறைத்துப்போகும். ஓரிரு நாளில் தீராது என்றால் ஃபிரீசரில் வைப்பது நல்லது.

பாக்கெட்டில் போட்ட தேதி ஒரு நாள் தாண்டினாலும் என் கணவர் எறிந்துவிடுகிறார். சரியா?

அது எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் மொறுமொறுப்பும் எதுவரை நன்றாக இருக்கும் என்பதற்கான தேதி. சரியாக வைத்திருந்த பிஸ்கட், பாஸ்தா, பருப்பு வகைகளை அதன் பிறகும் பார்த்து, முகர்ந்து பயன்படுத்தலாம். 'யூஸ் பை' அப்படி இல்லை, அது பாதுகாப்புக்கான தேதி. இறைச்சி, மீன் போன்றவற்றில் அது தாண்டினால், வாசனை நன்றாக இருந்தாலும் சாப்பிடக் கூடாது. அங்கே உங்கள் கணவர் செய்வதுதான் சரி.

மீந்த சோற்றை எவ்வளவு நாள் வைக்கலாம்?

இதில் நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். அரிசியில் உள்ள பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. எனவே சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆற்றி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள், ஒரே தடவைதான் சூடு பண்ணலாம். இரவெல்லாம் அடுப்படியில் இருந்த சோற்றை, வீணாகிறதே என்ற வருத்தத்தில் யாரும் சாப்பிட வேண்டாம்.

நான் ஆசிரியை. மதிய உணவில் பிள்ளைகள் காய்கறியை அப்படியே வைத்துவிடுகிறார்கள். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை.

சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மணியைப் பாருங்கள், டீச்சர். உட்கார்ந்து சாப்பிட அவர்களுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது? வரிசையில் நின்ற நேரம் போக 20 நிமிடமாவது வேண்டும். அவசரத்தில் பிள்ளைகள் பிடித்ததை முதலில் சாப்பிடுவார்கள், காய்கறி தட்டிலேயே நின்றுவிடும். சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளையாட்டு என்றால் மனம் மைதானத்தில்தான் இருக்கும். விளையாடிவிட்டு வந்து சாப்பிட்ட பள்ளிகளில் பிள்ளைகள் காய்கறியும் பழமும் கூடுதலாகச் சாப்பிட்டது ஆய்வுகளில் தெரிய வந்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் பேசி நேரத்தை மாற்ற முடியுமா பாருங்கள்.

அப்புறம், முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, வேண்டுமென்றால் மறுபடி தாருங்கள். சிறு பிள்ளைகளுக்குப் பழத்தை நறுக்கிக் கொடுங்கள். முன்பல் விழுந்த பிள்ளை முழு ஆப்பிளை என்ன செய்யும்? மீதி வைத்ததற்காகத் திட்ட வேண்டாம், ஏன் வைத்தாய் என்று கேளுங்கள். உப்பு இல்லை, ஆறிப்போனது என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதில் சமையலறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அலுவலகக் கூட்டங்களில் வரவழைக்கும் சாப்பாடு பாதிக்கு மேல் மிஞ்சுகிறது.

அழைத்தவர்களின் எண்ணிக்கைக்கு ஆர்டர் கொடுப்பதால்தான். வருகிறேன், சாப்பிடுகிறேன் என்று முதல் நாள் உறுதி சொன்னவர்களுக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். வெளியே வைத்து இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மிஞ்சியதை டப்பாக்களில் போட்டு, தேதி எழுதி ஃபிரிட்ஜில் வைத்து, எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள். யாராவது எடுத்துப்போவார்கள்.

நாங்கள் மீந்ததை எல்லாம் உரமாக்கிவிடுகிறோம். அப்போது வீண் இல்லைதானே?

குப்பைமேட்டுக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். அங்கே காற்றுப் படாமல் அழுகி, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வெளியேறும். ஆனால் அந்த உணவை விளைவிக்கச் செலவான தண்ணீரும் உழைப்பும் உரக்குழியிலிருந்து திரும்பி வராது. தோலையும் காம்பையும் குழியில் போடுங்கள். சோறு தினமும் அங்கே போகிறது என்றால், நாளைக்கு அரை கப் அரிசி குறைத்துப் போடுங்கள்.