சளியும் ஆறாத புண்ணும்: வயதா, சர்க்கரையா?

கேள்வி: எனக்கு 58 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். மூன்று மாதச் சராசரி (எச்பிஏ1சி) 8.4. இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. அடிக்கடி சளி பிடிக்கிறது. காலில் சின்னக் கீறல் ஆறவே மூன்று வாரமாகிறது. வயதானதால் வளர்சிதை மாற்றம் மந்தமாகி எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்கிறார்கள். சத்துப் பொடி சாப்பிடலாமா?

பதில்: பொடி வேண்டாம், ஐயா. வயதின் மேல் பழி போடவும் வேண்டாம். 29 நாடுகளில் 6,400க்கும் மேற்பட்டோரிடம் அளந்து 2021இல் வெளியான ஆய்வின்படி, உடல் எரிக்கும் ஆற்றல், உடலமைப்பைக் கணக்கில் கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை ஏறக்குறைய ஒரே அளவுதான். அதன் பிறகே ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது.

உங்கள் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் சர்க்கரையும் தொப்பையும்தான். குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதற்குள் மேக்ரோபேஜ் என்னும் வெள்ளணுக்கள் குவிந்து, அழற்சியை (உடலின் தற்காப்பு வீக்கத்தை) தூண்டும் பொருட்களை ஓயாமல் சுரக்கின்றன. முதுமையில் பலருக்கும் வரும் இந்த மெல்லிய அழற்சியைத் தொப்பை முன்கூட்டியே அழைத்து வந்துவிடுகிறது. எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும் வீட்டில் தீப்பிடித்தாலும் தாமதமாகத்தானே தெரியும்? இதற்கு மேல், ரத்தத்தில் சர்க்கரை ஏறினால், கிருமியை விழுங்க வேண்டிய நியூட்ரோஃபில் அணுக்களும் தளர்ந்துவிடுகின்றன.

இதைத் திருப்ப முடியும் என்பதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகள் கலோரியைச் சுமார் 14 சதவீதம் குறைத்தவர்களுக்கு, டி செல்கள் என்னும் எதிர்ப்புச் சக்தி வெள்ளணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்து, வேலை செய்யும் பகுதி கூடியிருந்தது. ஆனால் அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். இதைப் படித்துவிட்டு நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

முதலில் இந்த வாரமே மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் பார்க்க வேண்டும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 8.4 என்றால் மாத்திரையையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். இரவுச் சோற்றைப் பாதியாக்கி, சுண்டலோ முட்டையோ கூட்டுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம், செருப்புப் போட்டு, நடங்கள். இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழே வரட்டும். அவசரமில்லை, மாதம் ஒரு செ.மீ. குறைந்தாலே போதும். பொடிக்கு வைத்திருக்கும் பணத்தில் ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் தேவைப்படும்.