காரில் பேட்டரி விளக்கு எரிந்தால்: ஊர்வாரியாகக் கேள்வி பதில்

மண்டபம்: ஓடும்போது சிவப்பு பேட்டரி விளக்கு எரிகிறது. புது பேட்டரி போட்டும் போகவில்லை.

போகாது தம்பி. சார்ஜ் ஏறவில்லை என்பதற்கான விளக்கு அது. மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பேட்டரியைப் பாருங்கள். அணைத்திருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஓடும்போதும் 12.6-ஐத் தாண்டவில்லையா? உடனே டைனமோவை, அதாவது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை, கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் அதைச் சுற்றும் பெல்ட், அடுத்து பேட்டரி மைனஸை வண்டி உடம்போடு இணைக்கும் எர்த் வயர். நம் உப்புக்காற்றில் மேலுறை பளிச்சென்று இருக்கும், உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடிந்திருக்கும். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மற்றதை டைனமோவின் உடம்பிலும் வையுங்கள். பெல்ட்டில் வயர் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த்தில்தான்.

தொண்டி: விளக்கு எரிய எரிய ராமநாதபுரம் வரை ஓட்டலாமா?

அவ்வளவு தூரம் வேண்டாம். பெல்ட் அறுந்திருந்தால் நகர்த்தவே கூடாது; பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதில்தான் சுற்றுகிறது, இன்ஜின் கொதித்துவிடும். பெல்ட் நன்றாக இருந்தால் ஏசியை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைக்காமல் பக்கத்து எலக்ட்ரீஷியனிடம் போங்கள். ஸ்டியரிங் கனத்தால் ஓரங்கட்டிவிடுங்கள்.

கீழக்கரை: ஓடும்போதே பேட்டரி மைனஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார் மெக்கானிக். வண்டி அணையாவிட்டால் டைனமோ நல்லதாம்.

கழற்றவே கழற்றாதீர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் பல மடங்கு எகிறலாம். இன்ஜினை இயக்கும் வண்டியின் கணினி போய்விடலாம்.

பாம்பன்: அம்பாசடர் காலத்திலிருந்து அப்படித்தான் பார்க்கிறோம், ஒன்றும் ஆனதில்லையே?

ஐயா, உங்கள் அனுபவம் சரிதான். ஆனால் அந்தப் பழைய வண்டிகளில் கணினி கிடையாது.

பாம்பன்: டீசல் வண்டிக்கு என்ன வந்துவிடும்?

பழைய டீசல் பம்ப் வண்டி என்றால் இன்ஜின் பிழைக்கலாம். புது வகைக் காமன் ரயில் டீசல் இன்ஜினில் எவ்வளவு டீசல், எப்போது என்று தீர்மானிப்பதே கணினிதான். மீட்டர் இருக்கும்போது இந்தச் சோதனை எதற்கு? பழக்கத்துக்காக ஒரு வண்டியைப் பலி கொடுக்காதீர்கள் ஐயா.

ஏர்வாடி: விளக்கு எரிகிறது, பேட்டரி மாற்றட்டுமா?

மண்டபத்துக்குச் சொன்னதை முதலில் படியுங்கள். ஓடும்போது பேட்டரி டெர்மினலையும் கழற்றிப் பார்க்காதீர்கள்.

தேவிபட்டினம்: படகு பேட்டரிக்கும் இதேதானா?

படகு என் துறை இல்லை. போட் இன்ஜின் பார்ப்பவரிடம் கேளுங்கள்.

ராமேஸ்வரம்: அரிச்சல்முனை போய் வந்ததிலிருந்து விளக்கு மினுக்குகிறது.

கடல் தண்ணீர் பட்டிருந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டைனமோ மேல் பிரஷர் அடிக்கக் கூடாது. இன்ஜினை அணைத்து, மைனஸை எடுத்துவிட்டு டைனமோ பிளக்கைப் பிரித்துப் பாருங்கள். பிளக்கின் உலோகப் பின்களில் பச்சை இருந்தால் சுத்தம் செய்யுங்கள். அப்புறமும் மினுக்கினால் டைனமோவுக்குள் இருக்கும் கரி பிரஷ் தேய்ந்திருக்கலாம்.