பெல்ட்டில் இரண்டு புதிய ஓட்டை

கேள்வி: எனக்கு வயது 54. உணவு பற்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொல்லும் செய்திகளை ஒன்றுவிடாமல் படிப்பேன். அதனாலேயே காபி, முட்டை, பதப்படுத்திய இறைச்சி மூன்றையும் விட்டுவிட்டேன். மல்டிவைட்டமின், பீட்டா கரோட்டின், முடி கொட்டாமல் இருக்க பயோட்டின் என்று மாத்திரைகள் எடுக்கிறேன். இருந்தும் எதைச் சாப்பிட்டாலும் புற்றுநோய் வந்துவிடுமோ என்று பயம். காபி ஒரு வருடம் விஷம், மறு வருடம் மருந்து என்கிறார்களே, எதை நம்புவது? பசி நன்றாக இருக்கிறது, சாப்பாட்டு அளவும் குறையவில்லை. நாலு மாதத்தில் 72 கிலோவிலிருந்து 66க்கு வந்துவிட்டேன். பெல்ட்டில் இரண்டு ஓட்டை புதிதாகப் போட்டாயிற்று. நல்ல முன்னேற்றம்தானே?

மருத்துவர் பதில்: இல்லை. காபியைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த பெல்ட்.

எடையைக் குறைக்க நினைக்காத ஒருவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் காரணம் தேட ஆரம்பிப்போம். 72 கிலோவில் அது 3.6 கிலோ. உங்களுக்கு 6 கிலோ போயிருக்கிறது, அதுவும் நாலே மாதத்தில். சாப்பாட்டு அளவு குறையவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் காபியையும் முட்டையையும் விட்டதால்தான் இளைத்தேன் என்றால் எப்படி?

பசி நன்றாக இருந்தும் ஒருவர் இளைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது சர்க்கரை நோயும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதும்தான். தாகம் கூடியிருக்கிறதா, இரவில் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறீர்களா, கை நடுங்குகிறதா, படபடப்பு உண்டா என்று கவனியுங்கள். சாப்பிட்டது குடலில் சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். நீங்கள் பயப்படும் புற்றுநோயும் காரணங்களில் ஒன்று, மறைக்க மாட்டேன். எது எப்படியானாலும் தொடக்கம் ஒன்றுதான்: இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு, ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், நெஞ்சு எக்ஸ்ரே. விழுங்குவதில் சிரமம், கறுப்பு மலம், விடாத இருமல், மாலைக் காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள்.

ரத்தம் கொடுக்கும் முன் அந்த முடி மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாள் நிறுத்துங்கள். நான் மூன்று நாள் என்பேன். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டிய பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று அடைத்திருக்கிறார்கள். பல ஆய்வகங்களில் தைராய்டு பரிசோதனை முறையே பயோட்டினை வைத்துத்தான் இயங்குகிறது. ரத்தத்தில் அது நிறைய இருந்தால், ஒழுங்காக வேலை செய்யும் தைராய்டும் அதிகமாகச் சுரப்பதுபோல முடிவில் தெரியும். உங்கள் விஷயத்தில் நாம் சந்தேகிப்பதும் அதையேதான், எவ்வளவு வம்பு பாருங்கள்! இப்படி ஒரு பொய் முடிவோடு, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மாத்திரையே தொடங்கிவிட்டு வந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

பீட்டா கரோட்டினையும் குப்பையில் போடுங்கள். காய், பழம் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று ஆய்வுகள் சொன்னதும், அதில் உள்ள இந்தச் சத்தை மாத்திரையாக்கி பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வில் மொத்தம் 29,000 பேருக்கு மேல், அதில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரை. 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. புகைபிடிப்பவர் என்றால் இந்த மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். இல்லை என்றாலும் அது எதற்கு?

இப்போது காபி. 1981இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் காபிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். நோயாளிகளோடு ஒப்பிட அவர்கள் எடுத்தவர்களில் பலர் வயிற்றுக் கோளாறுக்காக அதே மருத்துவர்களிடம் வந்தவர்கள். வயிறு சரியில்லாதவர் காபியை ஏற்கெனவே குறைத்திருப்பாரே! அவரைப் பக்கத்தில் நிறுத்தினால் யார் குடிப்பதும் அதிகமாகத்தான் தெரியும். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை. ஆய்வாளர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டை மட்டும் பிரித்தெடுத்து அளப்பது அவ்வளவு கஷ்டம். போன மாதம் எத்தனை முட்டை சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது. 2013இல் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சமையல் புத்தகத்திலிருந்து குத்துமதிப்பாக 50 பொருட்களை எடுத்துத் தேடிப் பார்த்தார்கள். அதில் 40 பொருட்களைப் புற்றுநோயோடு சேர்த்து யாரோ ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். தலைப்பைப் பார்த்து ஒவ்வொன்றாக விட்டால் தட்டில் என்ன மிஞ்சும்?

முட்டை சாப்பிடுங்கள். பதப்படுத்திய இறைச்சியை விட்டது மட்டும் சரி, அதற்கு ஆதாரம் வலுவாக உண்டு. அங்கும் தினம் 50 கிராமுக்கு 18 சதவீதம் கூடுதல் என்றால், வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வரும் குடல் புற்றுநோய் 6 பேருக்கு வரும் என்று கிட்டத்தட்ட அர்த்தம்.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைச் சொன்னால் போதாது, அளவைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கும்வரை காபி வேண்டாம். கொடுத்து முடித்ததும் தாராளமாக ஒரு கப் குடியுங்கள்.