எருக்கூடையில் ஓவியப் பலகையைச் சாய்த்தவர்

கிழக்கு, மேற்கு ஓவிய மரபுகளை இணைத்த நவீன சீன ஓவியர்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது வூ குவான்சோங் (1919–2010).

பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர், ஹாங்சோ ஓவியக் கல்லூரியைப் பார்த்த மயக்கத்தில் படிப்பையே மாற்றிக்கொண்டார். அங்கே அழைத்துச் சென்ற நண்பர் ஜூ தேச்சுன் பின்னாளில் பாரிஸிலேயே தங்கிப் புகழ்பெற்றார். வூவும் 1947இல் பாரிஸ் போனவர்தான். ஆனால் 1950இல் ஊர் திரும்பிவிட்டார். அதற்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் மனம் கனக்கிறது. மாவோ தொடங்கிய, கலைஞர்களையும் அறிஞர்களையும் ஒடுக்கிய கலாசாரப் புரட்சியின்போது தன் நிர்வாண ஓவியங்களைத் தன் கையாலேயே அழித்தார். 1970இல் ஹெபெய் மாகாணத்துக் கிராமம் ஒன்றுக்கு வயல்வேலைக்கு அனுப்பினார்கள். முதலில் வரையவே தடை. பிறகு விடுமுறை நாளில் மட்டும் அனுமதி. எரு சுமக்கும் கூடைதான் ஓவியத்தாங்கி. கிராமத்தில் வாங்கிய சிறு கரும்பலகையின் மேல் எண்ணெய் வண்ணத்தில் சோளத்தையும் சுரைக்கொடியையும் வரைந்தார். உடனிருந்தவர்கள் 'எருக்கூடைப் பாணி' என்று கேலி செய்தார்கள். எனக்கு அது பட்டமாகவே தோன்றுகிறது.

1970களில் சீன மரபின் மைக்கும் தாளுக்கும் திரும்பினார். அவர் இணைத்த விதம் புரிய வேண்டுமானால் 1981இல் வரைந்த 'இரு தகைவிலான்கள்' (தகைவிலான் ஒரு சிறு பறவை) என்ற ஓவியம் ஒன்று போதும். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே உள்ள ஜியாங்னான் வட்டாரத்து வீடு. நீண்டு கிடக்கும் வெள்ளைச் சுவர், கரிய ஓட்டு விளிம்பு, இருண்ட வாசல், ஒரு மரம். சுவர்களின் அடுக்கைப் பார்த்தால் நேர்கோடுகளாலும் கட்டங்களாலும் வரைந்த டச்சு ஓவியர் மாண்ட்ரியனின் கட்டங்கள் நினைவுக்கு வரும். அந்த வெண்மையோ சீன ஓவியத்தில் காலங்காலமாக விடப்படும் வெற்றிடம். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

உருவங்களே இல்லாத அருவ ஓவியத்தின் விளிம்புவரை போனாலும் முழுதாக அதற்குள் அவர் இறங்கவில்லை. பட்டம் எவ்வளவு உயரே பறந்தாலும் நூல் அறுபடக் கூடாது என்பார்; நூலின் மறுமுனை அவர் பார்த்த ஊரும் மக்களும். தனித்து நிற்கும் தூரிகை நுட்பத்தின் மதிப்பு பூஜ்யம் என்று 1992இல் எழுதி, மரபுவாதிகளின் கோபத்தையும் சம்பாதித்தார். அதே ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது.

2008இல் சிங்கப்பூருக்கு 113 ஓவியங்களைக் கொடையாகத் தந்தார். அந்தப் பக்கம் போனால் தேசிய கலைக்கூடத்தில் விசாரியுங்கள். தகைவிலான்கள் இருப்பது ஹாங்காங் கலை அருங்காட்சியகத்தில். படத்திலாவது பார்க்க நேர்ந்தால், பறவைகளை உடனே தேடாதீர்கள். முதலில் சுவரை நிதானமாகப் பாருங்கள்.