அப்பாமார் வகுப்பு பலன் தந்ததா?
வாசகர் கேள்வியும் அக்காவின் பதிலும்

அக்கா, நாங்கள் ஒரு சிறிய தொண்டு அமைப்பு. வருமானம் குறைந்த தகப்பன்மாருக்குக் கிழமைக்கு ஒருநாள் பிள்ளை வளர்ப்பு வகுப்பும், கூடவே படகு இஞ்சின் திருத்தும் பயிற்சியும் நடத்துகிறோம். ஐப்பசியில் தொடங்கிச் சித்திரையில் முடித்தோம். கடைசி நாள் கொடுத்த படிவத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ‘மிக நல்லது’ என்றே எழுதினார்கள். வருமானமும் கூடியிருக்கிறது. நிதி தருபவர்கள் மதிப்பீடு கேட்கிறார்கள். இதையே அறிக்கையாக அனுப்பலாமா? அடுத்த தொகுதிக்கும் ஆள் சேர்க்கிறோம்.
– திட்ட உத்தியோகத்தர், மூதூர்

தம்பி, இதை இப்படியே அனுப்பாதீர்கள். உங்கள் உழைப்பில் எனக்குச் சந்தேகமில்லை, கணக்கில்தான் சந்தேகம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்கடல் எழும்பிவிடும். தை பிறக்கும் வரை சின்னப் படகுக்காரர் பல நாள் கரையில்தான். சித்திரையில் கடல் படுத்திருக்கும், மீனும் படும். தென்மேற்குப் பருவம் தொடங்க மேற்குக் கரை நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்தவர்கள் நம் கிழக்குக் கரைக்கு வந்து வாடி (மீனவர் தங்கும் தற்காலிகக் குடில்) அடிப்பதும் இந்தக் கரைக்கு அது நல்ல காலம் என்பதால்தான். ஐப்பசியில் ஒருவரிடம் ‘போன கிழமை என்ன உழைத்தீர்கள்’ என்று கேட்டுச் சித்திரையிலும் அதையே கேட்டால், உங்கள் வகுப்பு வாசலை மிதிக்காதவருக்கும் வருமானம் கூடித்தான் இருக்கும். கூட்டியது வகுப்பா, கடலா?

ஆண்டும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் மணலில் கிடந்தன. அந்த ஆண்டோடு அதற்குப் பிந்திய ஆண்டை ஒப்பிட்டால் கையில் வரும் ரூபாய் கூடியதாகத்தான் தெரியும். அந்த ரூபாய்க்கு எத்தனை கிலோ அரிசி வாங்கலாம் என்று பார்த்தால் கதை வேறு.

ஆகவே உங்களுக்கு வேண்டியது வகுப்புக்கு வராத, ஆனால் அதே கரையில், அதே மாதத்தில், அதே நிலையில் இருக்கும் தகப்பன்மார். அடுத்த தொகுதிக்கு இடத்தைவிட விண்ணப்பம் கூடுதலாக வந்தால் அதையே பயன்படுத்துங்கள். பொதுமண்டபத்தில் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தவர்களை முன்னால் வைத்துச் சீட்டுக் குலுக்குங்கள். பெயர் விழாதவர்களுக்கு அதற்கடுத்த தொகுதியில் இடம் உறுதி என்று எழுதியே கொடுங்கள். அதுவரை இரு பகுதியினரையும் ஒரே கேள்வி கேளுங்கள். ‘ஏழைகளிடம் சீட்டு விளையாட்டா’ என்று சிலர் கோபிப்பார்கள். இருப்பதோ குறைந்த இடம். தலைவருக்குத் தெரிந்தவரை உள்ளே எடுப்பதைவிட இது எவ்வளவோ நேர்மையானது. ஒரே வீட்டு அண்ணன் தம்பியை மட்டும் பிரிக்காதீர்கள். அண்ணன் வகுப்பில் கேட்டதைத் தம்பியிடம் இரவே சொல்லிவிடுவான், வித்தியாசம் கரைந்துவிடும்.

இப்படித்தான் அமெரிக்காவில் பெரிய அளவில் செய்தார்கள். 2012 கடைசியிலிருந்து 2015 வரை நான்கு திட்டங்களில் 5,500க்கு மேற்பட்ட தகப்பன்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். பலர் பிள்ளையோடு ஒரே வீட்டில் இல்லாதவர்கள். வகுப்புக்குத் தெரிவானவர்கள் பிள்ளையிடம் கூடுதல் அன்பாக நடந்துகொண்டார்கள், வயதுக்கேற்ற விளையாட்டு, வாசிப்பு என்று கூடுதலாக ஈடுபட்டார்கள். தொடர்ச்சியாக வேலையில் நின்ற காலமும் கொஞ்சம் நீண்டது. ஆனால் பிள்ளையை நேரில் பார்ப்பதோ, பிள்ளைக்குக் கொடுக்கும் பணமோ, தாயோடுள்ள உறவோ மாறவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்த திட்டத்தின் முடிவை அப்படியே வெளியிட்டார்களே, அந்தத் துணிவு எனக்குப் பிடித்தது. உங்கள் அறிக்கையிலும் ‘இது மாறியது, இது மாறவில்லை’ என்று எழுத ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இடையில் நின்றவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடாதீர்கள். கடைசி நாள் படிவம் நிரப்பியவர் யார்? கடைசி நாள் வரை வந்தவர். பிடிக்காதவரும், அன்றாடக் கூலியை விட முடியாதவரும், வெட்கப்பட்டவரும் அதற்கு முன்னரே நின்றிருப்பார்கள். சீட்டில் பெயர் விழுந்த எல்லோரையும் தேடிப்போய்க் கேளுங்கள், ஒரு நாளே வந்திருந்தாலும் சரி. எத்தனைபேர் ஏன் நின்றார்கள் என்பதே உங்கள் அறிக்கையின் மிகப் பயனுள்ள பகுதியாக இருக்கும். வகுப்பு வைத்த நேரமே பிழையாக இருக்கலாம். விடியப்புறம் வலை இழுத்துவிட்டு வந்தவரைப் பகல் இரண்டு மணிக்கு நாற்காலியில் இருத்தினால் கண் செருகாமல் என்ன செய்யும்?

கேள்வி கேட்கும் விதத்தையும் சொல்கிறேன். சமூக சேவை உத்தியோகத்தராக நான் திரிந்த காலத்தில் நிலாவெளிப் பக்கம் ஒரு முற்றத்தில் கண்டது. கணக்கெடுக்க வந்த இளம்பெண், பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, ‘பிள்ளைக்கு அடிப்பீங்களா?’ என்று தகப்பனைக் கேட்டாள். மனைவி திண்ணையில் சுளகோடு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பொடியன் தகப்பனின் சாரத்தைப் பிடித்தபடி நின்றான். ‘சீச்சீ, கையே வைக்கிறதில்லை’ என்றார் அவர். சுளகு ஒரு கணம் நின்று பிறகு ஆடியது. பொடியன் தலை குனிந்தான். அவள் ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

கணவனைத் தனியாக, மனைவியைத் தனியாகக் கேளுங்கள். ருவாண்டாவில் ஏறத்தாழ 1,200 தம்பதிகளை வைத்து, அப்பாமார் வகுப்பொன்றைப் பற்றிச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. வகுப்புத் தொடங்கி 21 மாதம் கழித்து மனைவிமாரையே கேட்டபோது, கணவன் அடிப்பது குறைந்திருந்தது, பிள்ளைக்கு அடிப்பதும் குறைந்திருந்தது, வீட்டு வேலையில் ஆண்களின் பங்கு கூடியிருந்தது. மனைவியின் வாயால் வந்ததால்தான் அந்த முடிவை நம்ப முடிகிறது.

‘நல்ல தகப்பனா’ என்று கேட்காதீர்கள். ‘நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது யார்? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு விழித்திருந்தது யார்?’ என்று கேளுங்கள். தொழிலைப் பற்றியும் அப்படியே: கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் வேலை, எண்ணெய்க்காசும் சம்மாட்டிக்கு (படகு முதலாளிக்கு) திருப்பிக் கொடுக்க வேண்டிய முற்பணமும் கழித்து வீட்டுக்கு வந்தது எவ்வளவு? பங்குக்கு உழைக்கும் மனிதனிடம் மாதச் சம்பளம் கேட்டால் வாயில் வந்த ஓர் எண்ணைத்தான் சொல்வார்.

ஒன்றை மனதில் வையுங்கள். பகுதிக்கு முப்பது பேர் என்றால் இரண்டு மூன்று பேரின் நல்ல அதிர்ஷ்டமே முடிவைப் புரட்டிவிடும். அப்போது வீதக்கணக்கை முரசறையாமல், ஒவ்வொரு தகப்பனுக்கும் என்ன நடந்தது என்று விவரமாக எழுதுவதுதான் முறை.

•

அக்கா, என் கணவர் இப்படி ஒரு வகுப்புக்குப் போனார். இப்போது பிள்ளையைக் குளிக்க வார்க்கிறார், பாடம் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் பயிற்சி முடித்தும் வேலை கிடைக்கவில்லை. ‘தேத்தண்ணி குடிக்கப் போன வகுப்பு’ என்று மாமியார் ஏசுகிறார். இதில் என்ன பிரயோசனம்?
– வாசகி, கிண்ணியா

தங்கச்சி, உங்கள் வீட்டில் நடந்ததுதான் பல நாடுகளிலும் நடந்திருக்கிறது. அன்பு சீக்கிரம் கூடுகிறது, காசு கூடுவதில்லை. அமெரிக்காவில் 1990களில் ஏழு நகரங்களில் வேறொரு திட்டம் நடந்தது. பிள்ளைக்குத் தாபரிப்புப் பணம் கட்டமுடியாத, வேலையற்ற தகப்பன்மாருக்கு வேலை தேட உதவியும் ஒன்றாக இருந்து பேசும் குழுவும் கொடுத்தார்கள். தாபரிப்புப் பணம் கட்டுவோர் ஓரளவு கூடினார்கள். உழைப்பு, எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், கூடவில்லை. ஆனால் படிப்பும் வேலை அனுபவமும் மிகக் குறைந்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் திட்டத்தில் இடம் கிடைக்காத, தங்களைப் போன்றவர்களைவிடக் கூடுதலாக உழைத்திருந்தார்கள். சராசரிக்குள் அவர்கள் மறைந்து கிடந்தார்கள்.

வேலை கிடைக்காதது உங்கள் கணவரின் குற்றமென்றோ வகுப்பின் குற்றமென்றோ உடனே சொல்லிவிட முடியாது. ஓர் ஊரில் இஞ்சின் திருத்தும் கடை இரண்டுதான் என்றால் இருபது பேருக்குப் பயிற்சி கொடுத்து என்ன? பயிற்சியைத் தெரிவுசெய்ய முன்னர் கடைக்காரரிடம் போய், ‘உங்களுக்கு ஆள் வேணுமா, என்ன தெரிந்த ஆள் வேணும்’ என்று கேட்டிருக்க வேண்டும். அதைக் கேட்டார்களா என்று அமைப்பிடம் நீங்களே கேளுங்கள், அது உங்கள் உரிமை. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் சான்றிதழ் கிடைக்கும் பயிற்சியா என்பதையும் கேளுங்கள். வெறும் பங்குபற்றிய கடதாசியைக் கம்பனிக்காரர் திரும்பியும் பார்ப்பதில்லை.

மாமிக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. பிள்ளை தகப்பனிடம் பாடம் கேட்கிறதென்றால் உங்களுக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் தையலோ இடியப்பமோ என்று நீங்கள் உழைக்கும் காசும் அந்த வகுப்பின் வரவுதான். மதிப்பீட்டுக்காரர் வந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்க மறப்பது இதைத்தான்.

•

கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வருமானத்தை உண்மையாகச் சொன்னால் அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) வெட்டுப்படுமா?
– பெயர் வேண்டாம், குச்சவெளி

இந்தப் பயம் நியாயமானது. 2023இல் சமுர்த்தி போய் அஸ்வெசும வந்தபோது எத்தனையோ குடும்பம் பெயர் விடுபட்டு மேன்முறையீடு செய்து அலைந்தது. தொண்டு அமைப்பின் மதிப்பீடு வேறு, அஸ்வெசும வேறு. ஆனாலும் சொல்ல முன்னர் கேளுங்கள்: என் பெயர் எங்கே எழுதப்படுகிறது, யார் பார்ப்பார்கள், பிரதேச செயலகத்துக்குப் போகுமா? பதிலை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் வருமானக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடலாம். அதற்காக உங்களை வகுப்பிலிருந்து நிற்பாட்ட யாருக்கும் உரிமையில்லை.

•

அக்கா, நான் மேசன் வேலைக்குக் கைதுணை போகிறவன். அப்பாமார் வகுப்பில் ‘தினமும் பிள்ளைக்குப் புத்தகம் வாசியுங்கள்’ என்றார்கள். சண்டையால் இடம்பெயர்ந்த காலத்தில் என் படிப்பு நின்றுபோனது. எனக்கு வாசிக்க வராது. கிழமைக்கு எத்தனை நாள் வாசித்தீர்கள் என்று கேட்டு எனக்குப் பூச்சியம் போட்டார்கள். வகுப்புக்குப் போகவே மனம் வரவில்லை.
– ஒரு தகப்பன், சம்பூர்

போங்கள் தம்பி. பூச்சியம் வாங்கியது அந்தக் கேள்வி, நீங்களல்ல.

பிள்ளைக்கு வேண்டியது உங்கள் குரலும் உங்கள் நேரமும். அத்திவாரம் எப்படி வெட்டுகிறோம், சீமெந்துக்கு எத்தனை சட்டி மணல், தூக்குக்குண்டு ஏன் நேராகத் தொங்குகிறது என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளையை எண்ண விடுங்கள். சின்ன வயதில் உங்கள் அம்மம்மா சொன்ன கதை ஞாபகமிருந்தால் அதைச் சொல்லுங்கள். படமுள்ள புத்தகத்தை விரித்து, ‘இதில் என்ன நடக்குது, நீ சொல்லு’ என்று கேட்டுக்கொண்டிருந்தாலே பிள்ளையின் பேச்சு வளரும். பிள்ளைக்கு எழுத்துத் தெரியுமென்றால் அது உங்களுக்கு வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள்.

வகுப்பு நடத்துபவரிடம் இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ‘எத்தனை நாள் வாசித்தீர்கள்’ என்பதோடு ‘எத்தனை நாள் கதை சொன்னீர்கள், என்ன பேசினீர்கள்’ என்றும் படிவத்தில் சேர்க்கட்டும். எழுத்துத் தெரியாத தகப்பன்மாரைப் படிவமே வெளியே தள்ளினால், யாருக்காக அந்த வகுப்பு தொடங்கியதோ அவர்களைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாமலே போகும்.

உங்களுக்கும் வாசிக்கப் பழக ஆசையிருந்தால் மூதூர் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் முறைசாராக் கல்விப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். வேலை முடிந்து வருகிறவர்களுக்குப் பின்னேர வகுப்பு வேண்டும் என்று சொல்லுங்கள். உங்களைப் போன்ற இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போனால் பேச்சுக்குப் பலம் கூடும்.