விற்கும் மென்பொருளில் திறமூல லைப்ரரி: மூல நிரலைக் கொடுத்தாக வேண்டுமா?

கேள்வி: தக்கலையில் நான்கு பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் கொள்முதல் செய்யும் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை இதுவரை 11 கடைகளுக்கு விற்றுள்ளோம். இப்போது குலசேகரத்தில் ஒரு பெரிய வியாபாரி கேட்கிறார். மின்னணுத் தராசிலிருந்து எடையை எடுக்கும் பகுதியை, எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரில் உருவாக்கியதால், முழு மூல நிரலையும் (நாங்கள் எழுதிய வரிகளை) எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும் என்று அவருடைய உறவினர் சொல்லியிருக்கிறார். எனவே ‘இதில் திறமூலம் எதுவும் இல்லை’ என்று, அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்து கிடைக்கும் பிறரது மென்பொருள் எதுவும் இல்லை என்று, எழுதித் தரும்படி வியாபாரி கேட்கிறார். மற்ற பகுதிகளை மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டியில் எழுதினோம். பில்லைப் பிடிஎஃப் ஆக்க ஐடெக்ஸ்ட் என்ற லைப்ரரியின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு) இலவசப் பதிப்பைச் சேர்த்திருக்கிறோம். நாங்கள் தவறு செய்துவிட்டோமா?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் கம்பைலரைப் பற்றியும் விஷுவல் ஸ்டுடியோவைப் பற்றியும் இப்போது கவலை வேண்டாம். ஐடெக்ஸ்ட் விஷயத்தை மட்டும் இந்த வாரமே கையில் எடுங்கள்.

ஜிசிசி, ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தின் கீழ் வருவது உண்மைதான். அந்த உரிமம் கட்டுப்படுத்துவது ஜிசிசியையும் அதை மாற்றி உருவாக்கும் மென்பொருளையும். அதைக் கொண்டு நீங்கள் கம்பைல் செய்த உங்கள் சொந்த நிரலை அது தீண்டுவதில்லை. கம்பைல் ஆகும்போது ஜிசிசியின் லைப்ரரித் துணுக்குகள் சில உங்கள் நிரலோடு சேர்ந்துவிடுமே என்று உறவினர் கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்காகவே அந்த உரிமத்துடன் தனி விதிவிலக்கு இணைக்கப்பட்டு, வழக்கமான முறையில் கம்பைல் செய்த நிரலை நீங்கள் விரும்பிய நிபந்தனையில் விற்க அனுமதி தரப்பட்டிருக்கிறது. வியாபாரிக்கு அவர் தொழிலிலேயே விளக்கலாம்: பால் வெட்டும் கத்தியை இரவல் வாங்கியதற்காகக் கத்திக்காரருக்கு ஷீட்டில் பங்கு வராது; பக்கத்துத் தோட்டத்துப் பாலை உங்கள் பாலோடு ஊற்றி உறைய வைத்தால் வரும்.

விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி திறமூலம் அன்று, நிபந்தனையோடு இலவசம். 250 கணினிகளுக்கு மேலோ ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்கு மேலோ இல்லாத நிறுவனத்தில் ஐந்து பேர் வரை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம். நீங்கள் நான்கு பேர். ஆறாவது ஆளைச் சேர்க்கும் நாளில் இந்த வரியை நினைவில் கொள்ளுங்கள்.

ஐடெக்ஸ்ட், நான் சொன்ன பக்கத்துத் தோட்டத்துப் பால். 5-ஆம் பதிப்பு முதல் அது ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமத்திலோ கட்டண உரிமத்திலோ கிடைக்கிறது. ஏஜிபிஎல் விற்பனையைத் தடுக்கவில்லை; ஆனால் அந்த லைப்ரரியைப் பிணைத்து விற்ற மென்பொருள் முழுவதன் மூல நிரலையும், அதை வாங்கியவர்களுக்கு அதே உரிமத்தில் தர வேண்டும் என்கிறது. ஊருக்கெல்லாம் வெளியிட வேண்டியதில்லை என்றாலும், வாங்கியவர் பிறருக்குக் கொடுத்தால் உங்களால் தடுக்க முடியாது. நாளை இதே மென்பொருளை மாற்றியமைத்து இணையம் வழியே மட்டும் இயக்கினாலும் இந்தக் கடமை தொடரும்.

‘இலவசமாகக் கிடைத்ததுதானே’ என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. உரிமத்தின் நிபந்தனைக்கு மாறாகச் செய்வதும் மீறலே என்று பிரிவு 51 வெளிப்படையாகச் சொல்கிறது. தெரிந்தே மீறினால் பிரிவு 63-இன்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துள்ளது. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நேற்று வரை நீங்கள் அறியாமல் செய்தீர்கள், இந்தப் பதிலைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சரிசெய்ய வழி இருக்கிறது. கட்டண உரிமம் வாங்கலாம். அல்லது எம்ஐடி என்ற எளிய திறமூல உரிமத்தில் கிடைக்கும் பிடிஎஃப்ஷார்ப் போன்ற லைப்ரரிக்கு மாறலாம். அதன் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மென்பொருளோடு சேர்த்து வைத்தால் போதும். பில் அச்சிடுவது மட்டுமே தேவை என்னும்போது இரண்டாவதே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. மாற்றிய பதிப்பை 11 கடைகளிலும் நிறுவி, பழையதை நீக்கி, தேதியோடு கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். மீறலை நிறுத்திய பின் 60 நாட்களுக்குள் உரிமையாளர் அறிவிப்பு அனுப்பாவிட்டாலோ, முதல் தடவையாக வரும் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் குறையைச் சரிசெய்தாலோ, மீறலால் இழந்த உரிமை, அதாவது லைப்ரரியைப் பயன்படுத்தும் அனுமதி, திரும்பக் கிடைக்கும் என்று ஏஜிபிஎல் உரிமமே சொல்கிறது.

வியாபாரி கேட்கும் வாசகத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். பிடிஎஃப்ஷார்ப்பும் திறமூலம் என்பதால், அதற்கு மாறிய பிறகும் அது பொய்யாகவே இருக்கும். அதற்குப் பதிலாக, ‘இணைப்பில் கண்ட திறமூலப் பகுதிகளைத் தவிர மற்றவை எங்கள் சொந்தப் படைப்பு, அப்பகுதிகளின் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றியுள்ளோம், இதனால் தங்களுக்கு இழப்பு நேர்ந்தால், தாங்கள் செலுத்திய தொகைக்கு மிகாமல் ஈடு செய்வோம்’ என்று எழுதிக் கொடுங்கள். இணைப்பில் ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், பதிப்பு எண், உரிமம் மூன்றும் இருக்கட்டும். பழைய பதிப்பு 11 கடைகளிலிருந்தும் நீங்கிய பிறகே அந்தத் தாளில் தேதியிடுங்கள்.